திசையறியும் படிகங்கள்: அருமண் இடத்தியல் அரை உலோகங்களின் காந்தத்தன்மை

மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும் செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களுக்கும், தூய நிலையில் அதைக் கடத்தத் தயங்கும் சிலிக்கான் போன்ற குறைக்கடத்திகளுக்கும் நடுவே நிற்கும் பொருள்களை இயற்பியலார் அரை உலோகங்கள் என்று வகைப்படுத்துவர். படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஏற்கத்தக்க ஆற்றல்கள் பட்டைகளாகப் பிரிந்திருக்கின்றன. நிரம்பிய கீழ்ப்பட்டைக்கும் காலியான மேற்பட்டைக்கும் இடையே இடைவெளி இருந்தால் அப்பொருள் குறைக்கடத்தியாகவோ காப்புப் பொருளாகவோ அமையும். ஒரு பட்டை அரைகுறையாக நிரம்பியிருந்தால் உலோகமாகும். இரு பட்டைகளும் மிகச் சிறிய பகுதியில் மட்டும் ஒன்றையொன்று தொட்டோ மேவியோ நின்றால் அது அரை உலோகம். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டும் பிஸ்மத்தும் இவ்வகையின் பழைய உறுப்பினர்கள். அப்பட்டைகள் தொடும் இடங்கள் தற்செயலாக அமையாமல், படிகத்தைச் சற்றே நெரித்தாலும் மாசு கலந்தாலும் எளிதில் அழியாத கணிதக் காரணத்தால் நிலைபெற்றிருந்தால், அப்பொருள் இடத்தியல் அரை உலோகம் எனப்படும். அத்தகைய படிகத்தில் சீரியம், நியோடிமியம், கடோலினியம் போன்ற அருமண் தனிமங்கள் குடியேறும்போது அவற்றின் காந்தம் எவ்வாறு நடந்துகொள்கிறது, கடத்தும் எலக்ட்ரான்களை அது என்ன செய்கிறது, அவை அதற்குத் திரும்ப என்ன செய்கின்றன என்பனவே இச்சொற்பொழிவின் பொருள்.

இப்பொருளைச் சென்னையை அடுத்த இத்தாம்பரத்திலிருந்து அணுகுவதற்கு வரலாற்றில் ஒரு நல்ல காரணம் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் அதே கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றிவிட்டுக் கொல்கத்தாவுக்குச் சென்றவர். அக்கல்லூரி அப்போது நகரத்துக்குள் இருந்தது. தாம்பரத்தின் காட்டுவெளிக்கு அது இடம்பெயர்ந்தது 1937இல்தான். பொதுமக்கள் நினைவில் கிருஷ்ணன் 1928இன் இராமன் விளைவோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகிறார். அது அவருக்குச் செய்யப்பட்ட சிறு அநீதி என்றே கருத வேண்டியிருக்கிறது. 1930களில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அவர் தம் மாணவர்களோடு நடத்திய படிகக் காந்தவியல் ஆய்வுகள், இன்றைய இடத்தியல் பொருள்களின் ஆய்வுக்கூடங்களில் பெயர் சொல்லாமலே தொடர்கின்றன.

அவ்வாய்வுகளின் மையக் கருத்து, படிகம் ஒன்றின் காந்த ஏற்புத்திறன், அதாவது புறக் காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்பதற்கான அளவு, எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதாகும். கிருஷ்ணன் வகுத்த முறையில், சிறிய படிகமொன்று மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டப்பட்டுச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடப்படுகிறது. இழையின் மேல்முனையை மெல்ல மெல்லத் திருகும்போது, படிகம் தனக்கு உகந்த திசையை விடாமல் பற்றிக்கொண்டே சிறிது சிறிதாகத் திரும்பி, ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடுகிறது. அந்தப் புரளும் கோணத்தைக் கொண்டே இரு திசைகளின் ஏற்புத்திறன்களுக்கு இடையிலான வேறுபாட்டை மிக நுட்பமாகக் கணக்கிட்டுவிடலாம். பொருளின் எடையும் இழையின் முறுக்க எண்ணும் காந்தப்புலத்தின் அளவும் தெரிந்தால் போதும். இம்முறையால் அவர் குழு அளந்த படிகங்களில் அருமண் சல்ஃபேட்டுகளும் அடங்கும்; அருமண் அயனி தன்னைச் சூழ்ந்த அணுக்களின் மின்புலத்தால் எத்திசையில் அழுத்தப்படுகிறது என்பதை அவ்வளவீடுகள் காட்டின.

கிராஃபைட்டில் கிடைத்த விடை இன்னும் வியப்பானது. கிராஃபைட் காந்தப்புலத்தை விலக்கும் டயாகாந்தப் பொருள். அதன் அடுக்குகளுக்குக் குறுக்காகப் புலத்தைச் செலுத்தும்போது அவ்விலக்கம், அடுக்குகளின் வழியே செலுத்தும்போது இருப்பதைப் போலச் சுமார் நாற்பது மடங்கு வலிமையுடையது. அணுக்களோடு பிணைந்த எலக்ட்ரான்களைக் கொண்டு இதை விளக்க முடியாது என்பதையும், அடுக்குக்குள் தடையின்றித் திரியும் மிகச் சில எலக்ட்ரான்களே இதற்குப் பொறுப்பு என்பதையும் கிருஷ்ணனும் அவரோடு ஆய்ந்த கங்குலியும் கண்டனர். அதற்கான முழுமையான கோட்பாட்டு விளக்கத்தை 1956இல் மெக்ளூர் தந்தார்: கிராஃபைட்டின் பட்டைகள் கூம்பு வடிவில் வந்து ஏறக்குறைய ஒரு புள்ளியில் தொடுவதே காரணம். பட்டைகள் தொடும் புள்ளியே காந்தத்தன்மையை ஆளுகிறது என்ற செய்தி, இடத்தியல் என்னும் சொல் படிக இயற்பியலுக்குள் வருவதற்கு வெகு காலம் முன்பே, திருகிய இழையொன்றின் மூலம் அளவீடாக வெளிப்பட்டிருந்தது.

கூம்புகளின் முனைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1928இல் டிராக் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாட்டை, அடுத்த ஆண்டில் ஹெர்மன் வைல் நிறையற்ற துகள்களுக்குச் சுருக்கிக் காட்டினார். அச்சமன்பாட்டின்படி நடக்கும் துகள் இரு வகைப்படும்: அதன் தற்சுழற்சி செல்லும் திசையிலேயே இருந்தால் வலக்கை வகை, எதிர்த்திசையில் இருந்தால் இடக்கை வகை. இயற்கையின் அடிப்படைத் துகள்களிடையே வைல் துகள் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் 2015இல் டாண்டலம்–ஆர்சனிக் படிகத்தின் எலக்ட்ரான்கள் கூட்டாக அவ்வாறே நடப்பது கண்டறியப்பட்டது. இரு பட்டைகள் ஒரே புள்ளியில் குறுக்கிடும் அவ்விடங்கள் வைல் புள்ளிகள் எனப்படும். ஒவ்வொரு வலக்கைப் புள்ளிக்கும் ஓர் இடக்கைப் புள்ளி படிகத்துக்குள் கட்டாயம் இருந்தாக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தாலொழிய எதுவும் மறையாது. இதுவே இடத்தியல் பாதுகாப்பு.

இப்புள்ளிகள் தோன்ற வேண்டுமானால் இரு சமச்சீர்களுள் ஒன்றேனும் முறிய வேண்டும். ஒன்று, படிகத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மையத்தின் மறுபுறத்துக்கு மாற்றினாலும் அது மாறாதிருப்பது; இது மைய மாற்றுச் சமச்சீர். மற்றொன்று, காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் அதன் நடத்தை மாறாதிருப்பது. காந்த ஒழுங்கு உண்டான எப்பொருளிலும் இரண்டாவது சமச்சீர் தானாகவே முறிகிறது, ஏனெனில் காலம் திரும்பினால் சுழற்சியும் திரும்பும், காந்த முனைகளும் இடம்மாறும். ஆகவே காந்தம், வைல் புள்ளிகளை உண்டாக்கும் கருவியாகவும் அவற்றை நகர்த்தும் கருவியாகவும் பயன்படுகிறது. அப்புள்ளிகளைச் சுற்றிவரும் எலக்ட்ரான் அலை, சுற்றி முடிந்து தொடங்கிய இடத்துக்கே வந்தாலும், தன் கட்டத்தில் ஒரு மாற்றத்தைச் சுமந்து வருகிறது. வடிவியல் கட்டம் எனப்படும் இதை 1984இல் மைக்கேல் பெர்ரி பொதுவான கோட்பாடாக வகுத்தார். ஒளியின் முனைவாக்கத்தில் இதே கட்டத்தை 1956இலேயே பெங்களூரு இராமன் ஆய்வுக்கழகத்தில் இருந்த இளைஞர் எஸ். பஞ்சரத்னம் கண்டுகூறியிருந்ததைப் பின்னர் பெர்ரியே மனமுவந்து ஏற்றார். இன்று பல நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன.

அருமண் தனிமங்கள் இக்கதைக்குள் நுழையும் வாயில் அவற்றின் 4எஃப் எலக்ட்ரான்கள். ஏழு சுற்றுப்பாதைகளில் பதினான்கு எலக்ட்ரான்கள் வரை ஏற்கும் இக்கூடு, அணுவின் வெளிப்பகுதியில் இல்லாமல் பிற எலக்ட்ரான்களின் மறைப்புக்குள் ஆழமாக அமைந்திருப்பதால், அண்டை அணுவோடு பிணைப்பில் அதிகம் ஈடுபடுவதில்லை. தன் காந்தத் திருப்புத்திறனை ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றிக்கொள்கிறது. இரும்பில் காந்தத்துக்கும் மின்கடத்தலுக்கும் பெரும்பாலும் அதே எலக்ட்ரான்களே பொறுப்பு. அருமண் பொருளிலோ காந்தத்தைத் தாங்குபவை வேறு, மின்சாரத்தைச் சுமப்பவை வேறு. ஓர் அணுவின் 4எஃப் திருப்புத்திறன் அருகில் செல்லும் கடத்தும் எலக்ட்ரானைச் சற்றே முனைவாக்க, அந்த எலக்ட்ரான் செய்தியைத் தொலைவிலுள்ள மற்றோர் அணுவுக்கு எடுத்துச் செல்கிறது. 1950களில் ருடர்மன், கிட்டெல், கசூயா, யோசிடா ஆகியோர் வகுத்த இந்த மறைமுக இணைப்பு, தொலைவைப் பொறுத்து ஒருமுறை இணைத்திசையாகவும் மறுமுறை எதிர்த்திசையாகவும் மாறிமாறி அமைவது. அதனால்தான் அருமண் காந்தங்களில் சுருள்களும் அலைகளும் நெடுந்தொலைவு மீளும் ஒழுங்குகளும் இவ்வளவு மலிந்திருக்கின்றன.

கடோலினியத்தில் ஏழு எலக்ட்ரான்களும் ஒரே திசையில் நின்று, எந்தப் பக்கமும் சாயாத உருண்டை வடிவ மின்முகிலை உருவாக்குகின்றன. டெர்பியத்திலும் டிஸ்புரோசியத்திலும் அம்முகில் தட்டையானது, ஆகவே சூழவுள்ள மின்புலம் அவற்றின் காந்தத்தை ஒரு குறிப்பிட்ட அச்சில் பூட்டிவிடும். தூய கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை, சுமார் 293 கெல்வின், நம் கணக்கில் 20 பாகை செல்சியஸ். மார்கழி விடியலில்கூடத் தாம்பரத்தின் வெளிக்காற்று அவ்வளவு குளிர்வது அரிது என்பதால், இவ்வூரின் திறந்தவெளியில் கடோலினியத் துண்டு ஆண்டின் மிகப் பெரும்பகுதி, திருப்புத்திறன்கள் ஒரே திசையில் நிற்கும் ஃபெர்ரோ காந்தமாக இருப்பதில்லை. குளிரூட்டிய அறையில் அது எல்லைக்கோட்டில் நிற்கும்.

அருமண் என்றதும் தமிழகத்தில் மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். அக்கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஜெர்மானியரான ஷோம்பர்க் கண்டறிந்தார். 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் இன்றும் அங்கே மணலைப் பிரிக்கிறது. நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகிய இலேசான அருமண்களே மிகுதி. டெர்பியமும் டிஸ்புரோசியமும் சொற்பம். இடத்தியல் அரை உலோகங்களில் மிக வளமான ஒரு குடும்பத்துக்கு வேண்டியவை இந்த இலேசான நான்குதான் என்பது நல்ல பொருத்தம். எனினும் ஆய்வகப் படிகத்துக்கு வேண்டிய தூய்மை மணல் ஆலையின் தூய்மையைவிடப் பன்மடங்கு கூடியது என்பதால், இப்பொருத்தத்தைக் கொண்டு பெருமிதம் கொள்வதில் பயனில்லை.

அக்குடும்பத்தில் ஒவ்வொரு படிகமும் ஓர் அருமண் அணு, ஓர் அலுமினியம், ஒரு ஜெர்மானியம் அல்லது சிலிக்கான் என்ற விகிதத்தில் அமைந்தது. அதன் கட்டமைப்புக்கு மைய மாற்றுச் சமச்சீர் இல்லாததால் காந்தம் தோன்றுமுன்பே வைல் புள்ளிகள் அங்கே உள்ளன. லாந்தனத்தில் 4எஃப் எலக்ட்ரான் இல்லாததால் லாந்தனப் படிகம் காந்தமற்ற ஒப்பீட்டுச் சான்றாகப் பயன்படுகிறது. பிரசியோடிமியம்–அலுமினியம்–ஜெர்மானியம் சுமார் 16 கெல்வினில் ஃபெர்ரோ காந்தமாகி, கடத்தும் எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் திருப்புகிறது. மின்னோட்டத்துக்குக் குறுக்காக மின்னழுத்தம் உண்டாகும் இது பிறழ்ச்சி ஹால் விளைவு. புறக் காந்தப்புலத்தால் வரும் சாதாரண ஹால் விளைவு 1879இல் அறியப்பட்டது, இங்கே அப்பணியைப் பட்டைகளின் வடிவியலே செய்கிறது. சீரியம்–அலுமினியம்–ஜெர்மானியத்தில் சுமார் 5 கெல்வினுக்குக் கீழே காந்தத் திருப்புத்திறன்கள் பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த சுழல் கோலமாக அமைகின்றன என்றும், அக்கோலம் ஹால் மின்னழுத்தத்தில் தனி முத்திரை பதிக்கிறது என்றும் 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

நியோடிமியம்–அலுமினியம்–சிலிக்கான் இக்குடும்பத்தில் தனிக் கவனத்துக்குரியது, ஏனெனில் இங்கே கேள்வியின் திசையே மாறுகிறது. சுமார் 7.2 கெல்வினில் இதன் நியோடிமியம் திருப்புத்திறன்கள், படிகத்தின் அலகுகளோடு முழு எண்ணில் பொருந்தாத ஓர் அலையாக ஒழுங்குபடத் தொடங்கி, 3.3 கெல்வினுக்குக் கீழே மூன்று அலகுகளுக்கு ஒருமுறை மீளும் ஒழுங்காக இறுகுகின்றன: ஒன்று கீழ்நோக்க, இரண்டு மேல்நோக்கும், அத்துடன் மெல்லிய சுருள் சாய்வும் சேர்ந்திருக்கும். 2021இல் வெளியான நியூட்ரான் விளிம்பு விளைவு ஆய்வு, அந்த அலையின் அலைத்திசையன், எலக்ட்ரான்களின் உந்தங்களை வரைந்துகாட்டும் உந்தவெளியில் வைல் எலக்ட்ரான்கள் குவிந்த குமிழ்களுக்கு இடையிலான தொலைவோடு பொருந்துவதைக் காட்டியது. பொதுவாகக் காந்தம் எலக்ட்ரான்களுக்கு ஆணையிடுவதாகவே பேசப்படுகிறது. இங்கோ வைல் எலக்ட்ரான்கள் காந்தத்துக்கு ஆணையிடுகின்றன. சுருளும் தற்செயலன்று, மைய மாற்றுச் சமச்சீரற்ற சூழலில் வைல் எலக்ட்ரான்கள் கொண்டுசெல்லும் மறைமுக இணைப்பு, அண்டைத் திருப்புத்திறன்களை ஒன்றுக்கொன்று சற்றே திருகி நிற்கத் தூண்டும். அரை உலோகத்தில் கடத்தும் எலக்ட்ரான்கள் மிகச் சில என்பதால் அவை காந்தத்தில் பெரிய பங்கு வகிக்க மாட்டா என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அவை உந்தவெளியில் சிறு சிறு குமிழ்களாகக் குவிந்திருப்பதால், அவற்றின் குரல் ஒரே நீளத்தில் ஒருமித்து ஒலிக்கிறது. இத்துறையில் இதுவரை கிடைத்த செய்திகளுள் மிக ஆழமானது இதுவே எனலாம்.

கடோலினியம்–பிளாட்டினம்–பிஸ்மத் வேறு வகையைச் சேர்ந்தது. சுமார் 9 கெல்வினுக்குக் கீழே அண்டைத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக நிற்கும் எதிர் ஃபெர்ரோ காந்தமாகும் இப்பொருளில், பட்டைகள் புலமற்ற நிலையில் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்க, புறக் காந்தப்புலம் அவற்றைப் பிளந்து வைல் புள்ளிகளை உண்டாக்குகிறது. மின்னோட்டமும் காந்தப்புலமும் இணையாக இருக்கும்போது வலக்கை, இடக்கை எலக்ட்ரான்களின் எண்ணிக்கைச் சமநிலை குலைந்து மின்தடை குறைய வேண்டும் என்று நீல்சனும் நினோமியாவும் 1983இல் முன்கணித்திருந்தனர். 2016இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அக்குறைவை இப்படிகத்தில் கண்டனர். ஆயினும் மின்னோட்டம் படிகத்தின் நடுவே ஒடுங்கிப் பாய்வதாலேயே இப்படிப்பட்ட தோற்றம் உருவாகலாம் என்பதால், மின்முனைகளை எங்கு வைத்தனர் என்று கேட்காமல் இத்தகைய அறிவிப்பை நம்புவது விவேகமன்று.

இந்தியாவில் இவ்வகை ஆய்வுக்கு முன்னோடி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அருமண் காந்தக் குழு. அக்குழுவைச் சேர்ந்த ஈ. வி. சம்பத்குமாரனும் சக ஆய்வாளர்களும் கடோலினியம்–பல்லேடியம்–சிலிக்கான் படிகத்தின் மின்தடை காந்தப்புலத்தில் எதிர்பாராமல் பெரிதும் குறைவதையும், அதன் காந்தநிலை புலம் ஏற ஏறப் படிப்படியாகத் தாவுவதையும் 1990களின் இறுதியில் வெளியிட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே பொருளில் ஸ்கிர்மியான் எனப்படும் மிகச்சிறு காந்தச் சுழல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, அப்பொருள் உலகப் புகழ் பெற்றது. முதல் அளவீடுகள் அந்தச் சுழல்களின் தடத்தையே காட்டின; அவற்றை அவ்வாறு படிக்கத் தேவையான மொழி அப்போது உருவாகியிருக்கவில்லை. இது கண்டிப்பாக அரை உலோகமன்று, உலோகம். ஆனால் அருமண் காந்தமும் கடத்தும் எலக்ட்ரான்களும் பின்னிப்பிணைவதற்கு இதைவிட நெருங்கிய இந்திய எடுத்துக்காட்டு இல்லை.

எதிர்ப்புறம் யூரோப்பியம்–காட்மியம்–ஆர்சனிக் நிற்கிறது. ஒரே ஓர் இணை வைல் புள்ளிகளைக் கொண்ட எளிமையான காந்த அரை உலோகம் என்று 2019 முதல் பல ஆய்வறிக்கைகள் இதைக் கொண்டாடின. கோட்பாட்டாளர்களுக்கும் இது கனவுப் பொருளாக இருந்தது. 2023இல் மிகத் தூய படிகங்களில் ஒளியியல் அளவீடு செய்தபோது, பட்டைகளுக்கு இடையே சுமார் 0.77 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருப்பது தெரிந்தது. அதாவது அது அரை உலோகமே அன்று, குறைக்கடத்தி; முன்பு காணப்பட்ட கடத்தல் பெருமளவு மாசுகளிலிருந்து வந்தது. இடத்தியல் என்ற அடைமொழி ஆய்வறிக்கைத் தலைப்புகளுக்குக் கவர்ச்சி சேர்ப்பதால், அது பல நேரங்களில் அளவீட்டுக்கு முந்திக்கொள்கிறது. படிக வளர்ப்பின் கைத்திறனும் பொறுமையும் பின்னால் வந்து அதைத் திருத்துகின்றன.

அந்தக் கைத்திறன் சென்னையின் தென்பகுதியில் பல இடங்களில் பரவிக் கிடக்கிறது. 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் இயற்பியல் துறை, திரவ ஹீலியத்தின் துணையோடு அருமண் கூட்டுலோகங்களின் காந்தத்தை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், 1971இல் உலை ஆராய்ச்சி மையமாகப் பிறந்து 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர்பெற்ற கல்பாக்கம் மையம் இருக்கிறது. அதற்கு அருகே கொக்கிலமேட்டில் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கான கூட்டமைப்பின் கிளையும் உண்டு. கல்பாக்கத்தில் இடத்தியல் காப்புப் பொருள்களின் படிகங்களை வளர்த்து அளந்திருக்கிறார்கள். ஸ்குயிட் எனப்படும் மீக்கடத்து வளையக் கருவிகளையும் அங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். காந்தப்பாயம் மீக்கடத்து வளையத்துக்குள் சிறு சிறு முழு அலகுகளாகவே அடங்கும் என்பதைப் பயன்படுத்தி, எறும்பு முட்டையளவு படிகத்தின் காந்தத்தையும் அளக்கும் கருவி அது. கிருஷ்ணனின் இழைமுறையும் பிற நாட்டு ஆய்வகங்களில் வேறு வடிவில் உயிரோடிருக்கிறது: நுண்ணிய நெம்புகோலின் முனையில் படிகத்தை ஒட்டி, வலிய காந்தப்புலத்தில் அது எவ்வளவு வளைகிறது என்று பார்த்துத் திருப்பு விசையை அளக்கின்றனர், நயோபியம்–ஆர்சனிக் படிகத்தில் அத்திருப்பு விசை உயர்புலத்தில் திசை மாறுவதை 2016இல் கண்டு, அதை வைல் எலக்ட்ரான்களின் கையெழுத்தாகப் படித்தனர்.

இதுவரை சொன்ன அருமண் காந்தச் சேர்மங்கள் யாவும் திரவ ஹீலியத்தின் குளிரிலேயே, அல்லது அதைச் சற்றே மிஞ்சிய வெப்பத்தில்தான் தம் குணத்தைக் காட்டுகின்றன. விதிவிலக்காக நிற்பது டெர்பியம்–மாங்கனீஸ்–வெள்ளீயம். இதில் மாங்கனீஸ் அணுக்கள், ஜப்பானியர் மூங்கில் கூடை முடையும் காகோமே என்ற பின்னல் வடிவில், முக்கோணங்களும் அறுகோணங்களும் மாறிமாறி வரும் தளங்களாக அமைகின்றன. 420 கெல்வினை ஒட்டிய வெப்பநிலை வரை காந்த ஒழுங்கு நீடிக்கிறது. மாங்கனீசின் காந்தம் இயல்பாகத் தளத்துக்குள் படுத்திருக்கவே விரும்பும். கடோலினியத்தைக் கொண்ட இணைப்பொருளில் அப்படியே படுத்திருக்கிறது. டெர்பியத்தின் தட்டை மின்முகில் மட்டுமே அதைத் தளத்துக்குச் செங்குத்தாக நிமிர்த்துகிறது, நிமிர்ந்தால்தான் காகோமே எலக்ட்ரான்களின் கூம்பு முனையில் இடத்தியல் இடைவெளி திறக்கிறது. சுமார் 34 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள அவ்விடைவெளியை 2020இல் பிரின்ஸ்டன் குழு அறிவித்தது. அந்த நிமிர்வு சுமார் 310 கெல்வினுக்குக் கீழேதான் நடக்கிறது, அதாவது 37 பாகைக்குக் கீழே. ஆகவே இப்படிகத் துண்டு ஒன்றைத் தாம்பரத்தில் நிழலான வெளியில் வைத்தால், ஆண்டின் பெரும்பகுதி அதன் காந்தம் நிமிர்ந்தே நிற்கும். அக்கினி நட்சத்திர நாள்களில் நண்பகல் வெயில் 37 பாகையைக் கடக்கும்போது தளத்துக்குள் சாய்ந்து, மாலையில் கடற்காற்று வந்த பின் மீண்டும் நிமிரும். இப்பொருளைக் கருவியாக்க முனைவோர், டெர்பியத்தின் இடத்தில் எந்த அருமண்ணை எவ்வளவு கலந்தால் அந்தச் சாய்வு வெப்பநிலை இன்னும் மேலே ஏறும் என்பதையே இப்போது முதலில் தேட வேண்டியிருக்கிறது.